தயாராக இல்லை: ஒரு காரின் நினைவும் ஒரு நகரத்தின் காற்றும்

எங்கள் வீட்டில் இருபது வயதைக் கடந்த கார் ஒன்று இருக்கிறது. கலிஃபோர்னியாவில் அதுபோன்ற வண்டிகள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புகைப் பரிசோதனையில் தேற வேண்டும். தேறினால்தான் பதிவைப் புதுப்பிக்க முடியும். சென்ற முறை கெடு நெருங்கிய வேளையில் அதன் பேட்டரி உயிரை விட்டது. புதிய பேட்டரியை மாட்டிக்கொண்டு நேரே பரிசோதனை நிலையத்துக்குப் போனோம். டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை, எஞ்சினும் சீராக ஓடியது. பரிசோதகர் புகைக்குழாய்க்குள் எந்தக் கருவியையும் நுழைக்கவில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த துளையில் ஒரு கம்பியைச் செருகிவிட்டுத் தம் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சில நிமிடங்களில் ஒரு தாளை அச்சிட்டுக் கையில் கொடுத்தார். தேறவில்லை என்று அதில் இருந்தது.

என்ன கோளாறு என்று கேட்டோம். கோளாறு ஒன்றும் இல்லை என்றார் அவர். பேட்டரியைக் கழற்றியதில் வண்டியின் கணினி தன் பழைய நினைவை இழந்துவிட்டது, இனி அது தன்னைத்தானே சோதித்துக்கொண்டு முடிக்க வேண்டும், அதுவரை அது 'தயாராக இல்லை' என்று விளக்கினார். நாலைந்து நாட்கள் ஓட்டிவிட்டு வரச் சொன்னார். கட்டணத்தைத் திருப்பித் தரவில்லை.

கோளாறு இல்லாத ஒன்று தேறாமல் போவது எப்படி என்ற எரிச்சலோடு வீடு திரும்பினோம். விடை தேடிப் போனபோது அது எண்பது ஆண்டுக் கதையாக விரிந்தது. ஒரு நகரம் தன் காற்றைக் கெடுப்பது யார் என்று கண்டுபிடித்தது அந்தக் கதையின் தொடக்கம். குற்றம் செய்யும் பொருளையே சாட்சியாகவும் ஆக்கியது அதன் நடுப்பகுதி. அந்தச் சாட்சியை எப்படி நம்புவது என்ற கேள்வி இன்றும் முடியவில்லை.

*

1943 ஜூலை 26. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் மையப் பகுதியைப் புகைமூட்டம் சூழ்ந்தது. மூன்று தெருக்களுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கண்கள் எரிந்து நீர் வடிந்தது, தொண்டை கரகரத்தது. ஜப்பான் விஷவாயுத் தாக்குதல் நடத்துகிறதோ என்று மக்கள் அஞ்சினார்கள். அப்படி இல்லை என்று தெரிந்ததும் குற்றவாளியைத் தேடும் படலம் தொடங்கியது. செயற்கை ரப்பருக்காக பியூட்டாடையீன் தயாரித்துக்கொண்டிருந்த ஓர் ஆலை அலிசோ தெருவில் இருந்தது. எல்லாக் கைகளும் அதை நோக்கி நீண்டன. ஆலை தற்காலிகமாக மூடப்பட்டது. புகைமூட்டமோ மீண்டும் வந்தது.

அடுத்த பத்தாண்டுகளில் ஆலைகள், எண்ணெய் சுத்திகரிப்பு நிலையங்கள், குப்பைமேடுகள் என ஒவ்வொன்றாகக் குற்றக்கூண்டில் நிறுத்தப்பட்டன. 1947இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி, காற்று மாசைக் கட்டுப்படுத்தவென்று தனி அமைப்பை உருவாக்கியது. அமெரிக்காவில் அத்தகைய அமைப்பு அதுவே முதல். வீட்டுக் கொல்லைகளில் குப்பை எரிக்கும் உலைகள்கூட 1957இல் தடைசெய்யப்பட்டன. இவை எல்லாம் ஓரளவு பயன் தந்தன. ஆனாலும் கோடையின் நண்பகலில், வெயில் உச்சத்தில் இருக்கும்போது, கண் எரிச்சல் குறையவில்லை. லண்டனின் புகைமூட்டம் குளிர்காலத்தில் நிலக்கரிப் புகையும் ஈரப் பனியும் சேர்ந்து வருவது. இங்கோ வெயில் ஏற ஏற மூட்டமும் ஏறியது. இது வேறு ஏதோ ஒன்று.

அது என்ன என்று கண்டுபிடித்தவர் புகையை ஆராய்ந்துகொண்டிருந்தவர் அல்லர், அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 1900இல் பிறந்த ஆரி ஹாகன்-ஸ்மிட், பாசடீனாவில் உள்ள கால்டெக்கில் உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்தார். பழத்திலிருந்து எழும் ஆவியைக் குளிரவைத்துத் துளிகளாக்கி, அந்தத் துளிகளில் எந்தெந்தப் பொருள்கள் மணத்தைத் தருகின்றன என்று பிரித்தறிவது அவருடைய தொழில். அதே கருவியில் 1940களின் இறுதியில் அவர் தம் ஊரின் காற்றைச் செலுத்தினார். நாற்றமடிக்கும் பழுப்பு நிறத் துளிகள் சில கிடைத்தன. அவற்றை ஆராய்ந்து, பின்னர் தொடர்ந்து செய்த சோதனைகளின் வழியே, அவர் வந்தடைந்த முடிவு இது: எரிந்தும் எரியாமலும் வெளியேறும் பெட்ரோல் ஆவியும், எஞ்சினின் வெப்பத்தில் உருவாகும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன. மூட்டத்தின் காரமும் கண் எரிச்சலும் இந்த வினையிலிருந்து பிறக்கின்றன. லாஸ் ஏஞ்சலஸில் ரப்பர் பொருள்கள் சீக்கிரமே வெடித்துப் போவதை ஊரார் கவனித்திருந்தார்கள். ஹாகன்-ஸ்மிட் அதையே அளவுகோலாக்கினார். வளைத்துக் கட்டிய ரப்பர்த் துண்டில் வெடிப்பு எவ்வளவு விரைவாக விழுகிறது என்பதிலிருந்து காற்றின் ஓசோன் அளவை மதிப்பிட்டார். 1952இல் அவருடைய கட்டுரை வெளியானது.

இதன் பொருள் எளியது, ஆனால் ஏற்றுக்கொள்ள அரியது. குற்றவாளி ஊருக்கு வெளியே நிற்கும் ஆலை மட்டும் அன்று. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கும் காரும் குற்றவாளிதான். எண்ணெய்த் தொழிலின் பணத்தில் ஆய்வு நடத்திய ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனம் அவருடைய முடிவை மறுத்தது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் மேற்பார்வையாளர்களில் ஒருவரான கென்னத் ஹான் 1953இல் கார் நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். வாகனப் புகை வெளிக்காற்றில் விரைவில் கலைந்துவிடும், அதனால் மாசுப் பிரச்சினை எதுவும் எழாது என்று ஃபோர்டிலிருந்து பதில் வந்தது. ஹான் பதினைந்து ஆண்டுகள் போலக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். 1969இல் அமெரிக்க நீதித்துறை கார் உற்பத்தியாளர்கள் மீது ஒரு வழக்குத் தொடுத்தது. மாசைக் குறைக்கும் கருவிகளின் வருகையைத் தாமதப்படுத்த அவர்கள் கூடிச் சதிசெய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. விசாரணைக்குப் போகாமல் அதே ஆண்டில் சமரச ஆணையோடு அந்த வழக்கு முடிந்தது.

*

1967இல் ஆளுநர் ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தால் கலிஃபோர்னியாவின் காற்று வள வாரியம் பிறந்தது. அதன் முதல் தலைவர் நம் அன்னாசி விஞ்ஞானிதான். அதே ஆண்டு வந்த தேசியச் சட்டம், மற்ற மாநிலங்களுக்கு இல்லாத ஓர் உரிமையைக் கலிஃபோர்னியாவுக்கு வழங்கியது. மைய அரசின் விலக்கைப் பெற்று, நாட்டின் விதிகளைவிடக் கடுமையான வாகன விதிகளை அது வகுத்துக்கொள்ளலாம். காருக்குள் ஒரு சாட்சியை உட்காரவைக்கும் யோசனை பின்னாளில் இந்த வாசல் வழியேதான் வந்தது.

1970இன் கடைசி நாளில் அதிபர் நிக்சன் தூய காற்றுச் சட்டத் திருத்தத்தில் கையெழுத்திட்டார். கார்கள் வெளியிடும் முக்கிய மாசுகளில் 90 சதவீதத்தைக் குறைக்க வேண்டும் என்று அது கட்டளையிட்டது. அதற்கான தொழில்நுட்பம் அன்று எந்தத் தொழிற்சாலையின் கையிலும் முழுமையாக இல்லை. கெடுக்கள் தள்ளிப்போயின, வழக்குகள் நடந்தன. இருந்தும் 1975ஆம் ஆண்டு மாடல்களில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்து சேர்ந்தது. பிளாட்டினம் போன்ற உலோகங்கள் பூசிய தேன்கூட்டு அமைப்பு அது. புகை அதன் வழியே செல்லும்போது நச்சுப் பொருள்கள் வேறு பொருள்களாக மாறுகின்றன. பெட்ரோலில் கலந்த ஈயம் இந்தப் பூச்சைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமில்லாத பெட்ரோலும் கூடவே வந்தது. ஒரு கருவியைக் காப்பாற்றப் பிறந்த அந்த ஏற்பாடு, குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் சேர்வதையும் குறைத்தது.

அடுத்த படி இன்னும் நுட்பமானது. கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய மூன்றையும் ஒரே கன்வெர்ட்டர் மாற்ற வேண்டுமானால், பெட்ரோலும் காற்றும் ஏறக்குறைய 1க்கு 14.7 என்ற எடை விகிதத்தில் கலக்க வேண்டும். அதிலிருந்து சற்றே விலகினாலும் மூன்றில் ஒன்று தப்பிவிடும். பழைய கார்புரேட்டரால் அந்த விகிதத்தை ஓயாமல் பிடித்து நிறுத்த இயலாது. ஆகவே புகையில் எஞ்சியிருக்கும் ஆக்சிஜனை முகர்ந்து பார்க்கும் சென்சார் ஒன்றும், அது சொல்வதைக் கேட்டு நொடிதோறும் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் கணினி ஒன்றும் தேவைப்பட்டன. 1977 மாடல் வால்வோ கார்கள் ஆக்சிஜன் சென்சாருடன் கலிஃபோர்னியாவில் விற்பனைக்கு வந்தன. 1981இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெட்ரோல் கார்கள் எல்லாவற்றிலும் கணினியைப் பொருத்தியது. காருக்குள் கணினி நுழைந்ததற்குச் சொகுசையோ வேகத்தையோ பலரும் காரணமாக நினைப்பதுண்டு. அதை உள்ளே தள்ளிய பெருவிசை காற்றுச் சட்டம்தான்.

*

தொழிற்சாலையிலிருந்து தூய்மையாக வெளிவரும் கார் பத்தாண்டுகளுக்குப் பிறகும் தூய்மையாக இருக்கும் என்பதற்கு என்ன உறுதி? இந்தக் கேள்விக்கு விடையாக 1984இல் கலிஃபோர்னியா புகைப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. புகைக்குழாயில் கருவியை நுழைத்து அளப்பது அந்நாளைய முறை. அதில் இரண்டு குறைகள் இருந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சில நிமிடங்கள் மட்டும் பார்க்கும் கண்ணுக்கு, நடுவில் உள்ள எழுநூறு நாட்கள் தெரியாது. சோதனைக்கு முதல்நாள் வண்டியைச் சரிக்கட்டிக்கொண்டு வந்து, மறுநாள் பழைய நிலைக்குத் திருப்பிவிடுவதும் எளிது. பரீட்சைக்கு முந்தைய இரவு மட்டும் படிக்கும் மாணவனை நாம் அறிவோம்.

வாரியம் வேறு வழியில் யோசித்தது. எஞ்சினை நடத்தும் கணினிக்கு எல்லாச் சென்சார்களின் செய்தியும் ஏற்கெனவே வந்து சேர்கிறது. அந்தக் கணினியையே ஏன் காவல் வைக்கக் கூடாது? 1988 மாடல்களிலிருந்து கலிஃபோர்னியாவில் விற்கும் கார்கள் தம்முடைய சில கோளாறுகளைத் தாமே கண்டறிந்து, டாஷ்போர்டில் ஒரு விளக்கை ஏற்ற வேண்டும் என்று விதி வந்தது. இதை முதல் தலைமுறை எனலாம். அது திணறும் மழலை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு மொழி இருந்தது. சில வண்டிகளில் இரண்டு முனைகளைக் கம்பித் துண்டால் இணைத்துவிட்டு, விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று மெக்கானிக் எண்ண வேண்டும். கம்பி அறுந்துபோனால் அது சொல்லும், கன்வெர்ட்டர் மெல்ல மெல்லச் சாவதைச் சொல்லத் தெரியாது.

இரண்டாம் தலைமுறை 1994இல் படிப்படியாக வரத் தொடங்கியது. 1990இன் தூய காற்றுச் சட்டத் திருத்தத்தின் வழியே 1996 மாடலிலிருந்து அமெரிக்கா முழுவதற்கும் விதியானது. இன்று நாம் காணும் பதினாறு ஊசித் துளை அப்போது வந்ததுதான். எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே வடிவம், ஓட்டுநர் இருக்கைக்கு எட்டும் இடம், பொதுவான குறியீடுகள். பி 0420 என்றால் எந்த நிறுவனத்தின் வண்டியானாலும் கன்வெர்ட்டர் சோர்ந்துவிட்டது என்று பொருள். தெருமுனைப் பட்டறைக்காரரும் ஒரே கருவியால் எல்லா வண்டிகளோடும் பேச முடிந்தது. பழுதுபார்க்கும் உரிமை பற்றிய பிற்காலப் போராட்டங்களுக்கு இந்தப் பொதுமொழி ஓர் அடித்தளம்.

மொழியைவிட முக்கியமானது கடமை. புகை, அனுமதித்த அளவைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கைத் தாண்டும் அளவுக்கு ஓர் உறுப்பு பழுதானால் விளக்கு எரிய வேண்டும். அப்படியானால் கணினி வெறுமே செய்தி வாங்கி வைத்தால் போதாது, தானே சோதனை நடத்த வேண்டும். இந்தச் சோதனைகளுக்கு மானிட்டர்கள் என்று பெயர். சில ஓயாமல் நடப்பவை. சுழலும் அச்சின் வேகத்தில் நேரும் நுண்ணிய தயக்கத்தைக் கவனித்து, எந்த சிலிண்டரில் எரிதல் தவறியது என்று கண்டறிவது அவற்றில் ஒன்று. மற்றவை தக்க தருணத்துக்குக் காத்திருப்பவை. கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் இரண்டு ஆக்சிஜன் சென்சார்கள் உண்டு. முன்னது மேலும் கீழும் துள்ளும். கன்வெர்ட்டர் ஆக்சிஜனைத் தேக்கிவைத்துச் செலவிடுவதால் பின்னது அமைதியாக இருக்கும். பின்னதும் முன்னதைப்போலத் துள்ளத் தொடங்கினால் கன்வெர்ட்டரின் காலம் முடிந்தது என்று கணினி முடிவுகட்டும். பெட்ரோல் தொட்டியை மூடி, உள்ளே அழுத்தத்தை மாற்றி, ஆவி எங்கேனும் கசிகிறதா என்று பார்ப்பது இன்னொன்று. முதலில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள துளையைக் கண்டுபிடித்தால் போதும் என்றிருந்தது. 2000 மாடல்களை ஒட்டி அது அரை மில்லிமீட்டராக இறுக்கப்பட்டது. மூடியைச் சரியாகத் திருகாததற்கு விளக்கு எரிவது இதனால்தான்.

கணினி அவசரப்பட்டுப் பழி சொல்வதில்லை. பெரும்பாலான கோளாறுகளை முதல்முறை கண்டால் மனதுக்குள் குறித்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலும் கண்டால்தான் விளக்கை ஏற்றும். மூன்று ஓட்டங்களில் தொடர்ந்து குறை காணாவிட்டால் விளக்கைத் தானே அணைத்துவிடும். குறிப்பை மட்டும் இன்னும் சில காலம் வைத்திருந்து பிறகு அழிக்கும்.

*

இப்போது எங்கள் காரின் கதைக்கு வருகிறோம். விளக்கு எரிந்தால் தேறாது என்று ஒரு விதி செய்தால், மனிதன் முதலில் செய்யும் காரியம் விளக்கை அணைப்பது. பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றினால் போதும், அல்லது மலிவான கருவி ஒன்றின் பொத்தானை அழுத்தினால் போதும். குறிப்புகள் அழிந்து விளக்கு அணைந்துவிடும். பழுது அப்படியே இருக்கும். பரிசோதகர் காண்பது மாசற்ற ஒரு கணினியை.

விதியை வகுத்தவர்கள் இதை எதிர்பார்த்தார்கள். குறிப்புகளை அழிக்கும்போது, எந்தெந்தச் சோதனையை முடித்தோம் என்ற பட்டியலும் சேர்ந்து அழியும்படி அமைத்தார்கள். அதுவே தயார் நிலைக் குறி. 'குற்றம் எதையும் காணவில்லை' என்ற கூற்றுக்கு இரண்டு பொருள்கள் இருக்கின்றன. பார்த்தேன், இல்லை என்பது ஒன்று. நான் பார்க்கவே இல்லை என்பது மற்றொன்று. விளக்கு இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. தயார் நிலைக் குறி பிரித்துக் காட்டும். அழித்தவன் தூய்மையானவனாக வரமாட்டான், அறியாதவனாகத்தான் வருவான்.

2001இல் மைய அரசின் சுற்றுச்சூழல் முகமை வகுத்த நெறியின்படி 1996 முதல் 2000 வரையான மாடல்களில் இரண்டு மானிட்டர்களும், அதற்குப் பிந்தியவற்றில் ஒன்றும் முடியாமல் இருக்கலாம். கலிஃபோர்னியா 2015இல் இதை மேலும் இறுக்கியது. 2000க்குப் பிந்தைய பெட்ரோல் கார்களில் ஆவிக்கசிவு மானிட்டர் ஒன்றுக்கு மட்டுமே விலக்கு. அந்த ஆண்டுமுதல் இத்தகைய கார்களுக்குப் புகைக்குழாய் அளவீடும் இல்லை. சாட்சியத்தின் மேல் முழு நம்பிக்கை வைக்கும் முறை நடைமுறைக்கு வந்தது.

பேட்டரியை மாற்றியவரும் குறிப்பை அழித்தவரும் இதன் கண்ணுக்கு ஒன்றே. எங்கள் எரிச்சலின் காரணம் அது. ஆனால் பிரித்தறிய வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை. மறந்தவனிடமும் மறைத்தவனிடமும் சட்டம் ஒன்றையே கேட்கிறது: மறுபடியும் பார்த்துவிட்டு வந்து சொல்.

பார்ப்பதற்கு ஒரு முறைமை உண்டு. இரவு முழுதும் நின்று குளிர்ந்த எஞ்சினைக் காலையில் இயக்க வேண்டும். சில நிமிடங்கள் நின்ற நிலையிலேயே ஓட விட வேண்டும். பிறகு ஊர்த் தெருக்களில் நின்று நின்று போக வேண்டும். ஃப்ரீவேயில் ஐம்பத்தைந்து மைல் வேகத்தை ஒட்டிச் சில நிமிடங்கள் சீராக ஓட்டி, பிரேக்கைத் தொடாமல் காலை எடுத்து வேகம் தானே தணிய விட வேண்டும். பெட்ரோல் தொட்டி முழுதாக நிரம்பியிருந்தாலும் அடிமட்டத்தில் இருந்தாலும் ஆவிச் சோதனை பெரும்பாலும் தொடங்காது. கால் தொட்டிக்கும் முக்கால் தொட்டிக்கும் இடையே வைத்திருப்பது நல்லது. ஒவ்வொரு மாடலுக்கும் இந்த வரிசை சற்று மாறும். ஒரே நாளில் முடியாதது நாலைந்து நாள் வழக்கமான ஓட்டத்தில் முடிந்துவிடும். இதையெல்லாம் ஓட்டச் சுழற்சி என்கிறார்கள்.

இந்தச் சுழற்சி காலையில் வேலைக்குப் போகும் ஒருவரின் பயணம்போல இருக்கிறதே என்று எங்களுக்குத் தோன்றியது. அதற்குக் காரணம் உண்டு. அமெரிக்கக் கார்களின் புகையை ஆய்வகத்தில் அளக்கப் பயன்படும் அடிப்படை ஓட்டம், 1960களில் லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் ஒரு பாதையில் காரை ஓட்டிப் பதிவுசெய்ததிலிருந்து பிறந்தது. எல்.ஏ.4 என்று அதற்குப் பெயர். 1372 நொடிகள், ஏறக்குறைய ஏழரை மைல், அதிக வேகம் மணிக்கு 56.7 மைல். 1972 மாடல் கார்களிலிருந்து மைய அரசின் சோதனை இந்த ஓட்டத்தின்படி நடந்தது. விளக்கு எப்போது எரிய வேண்டும் என்ற அளவும் இதை வைத்தே நிர்ணயிக்கப்பட்டது. அறுபதுகளின் ஏதோ ஒரு சாலைச் சந்தியில் ஒரு கார் நின்ற நிறுத்தமும் புறப்பட்ட அவசரமும், பின்னர் உலகின் பல ஊர்களில் ஓடிய கார்களுக்குள் இப்படிப் பதிந்துபோயின.

*

சாட்சியை மிரட்டவும் மாற்றவும் முயற்சிகள் நடந்தன. வேறொரு நல்ல காரில் கம்பியைச் செருகி, அதன் பதில்களைப் பழுதான காரின் பெயரில் எழுதிய பரிசோதகர்கள் பிடிபட்டார்கள். கார் தன் அடையாள எண்ணையும் பேசும் நெறிமுறையையும் தானே சொல்வதால், பொருந்தாத பதில்களை அரசின் கணினி கண்டுபிடித்தது. 2010ஐ ஒட்டிய மாடல்களிலிருந்து நிலைக் குறிப்பு என்ற ஒன்றும் சேர்ந்தது. விளக்கை ஏற்றிய கோளாறு, பேட்டரியைக் கழற்றினாலும் அழியாத நினைவில் எழுதப்படும். கோளாறு சரியாகிவிட்டது என்று கணினியே சோதித்து அறிந்தால்தான் அது நீங்கும். 2019 ஜூலையிலிருந்து கலிஃபோர்னியா இதையும் பார்க்கத் தொடங்கியது. குறிப்பை அழித்தபின் 200 மைலும் பதினைந்து முறை குளிர்ந்து சூடேறும் ஓட்டமும் கடந்திருந்தால் மட்டும் அதைப் பொருட்படுத்துவதில்லை. நேர்மையானவர் என்றென்றும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்கான வாசல் அது.

ஆனால் சாட்சியையே பொய்யனாகப் பிறப்பித்தால் என்ன செய்வது? அதுவும் நடந்தது. சர்வதேச ஆய்வு அமைப்பு ஒன்றின் வேண்டுகோளின்பேரில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சிறு குழு ஒன்று 2013இல் டீசல் கார்களின் புகையைச் சாலையிலேயே அளந்தது. டேனியல் கார்டர் தலைமையிலான அந்தக் குழுவில் அர்விந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா, மார்க் பெஷ் ஆகியோர் இருந்தனர். அளக்கும் கருவிகளைக் காரின் பின்புறம் ஏற்றிக்கொண்டு கலிஃபோர்னியாச் சாலைகளில் ஓட்டினார்கள். ஒரு காரை லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சியாட்டில் வரை கொண்டுபோனார்கள். ஆய்வகத்தில் ஒழுங்காக இருந்த ஃபோக்ஸ்வாகன் கார்கள் சாலையில் நைட்ரஜன் ஆக்சைடை அளவுக்குப் பலமடங்கு மேலாகக் கக்கின. ஒரு மாடலில் அது 15 முதல் 35 மடங்கு வரை இருந்தது. ஓட்டுநரின் முன்னே எந்த விளக்கும் எரியவில்லை.

காற்று வள வாரியம் விடாமல் துருவியது. இறுதியில் 2015 செப்டம்பரில் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஸ்டீயரிங் அசைகிறதா, வேகம் எப்படி மாறுகிறது, எஞ்சின் எவ்வளவு நேரம் ஓடியது என்பன போன்றவற்றைக் கொண்டு, தான் இப்போது சோதனையில் இருக்கிறோமா சாலையில் இருக்கிறோமா என்று மென்பொருள் ஊகித்துக்கொள்ளும். சோதனை என்றால் ஒழுக்கம், சாலை என்றால் பழைய குணம். உலகெங்கும் சுமார் ஒரு கோடியே பத்து லட்சம் கார்களில் அந்த மென்பொருள் இருந்தது. 2017இல் நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 280 கோடி டாலர் குற்றவியல் அபராதம் ஏற்றது. வாரியம் இந்தக் கார்களைச் சோதித்த எல் மான்டே ஆய்வகத்தின் பெயர் ஹாகன்-ஸ்மிட் ஆய்வகம்.

உள்ளிருக்கும் சாட்சி மட்டும் போதாது என்பதே இதன் பாடம். வெளியே நின்று முகர்ந்து பார்க்கும் மூக்கு ஒன்றும் வேண்டும். அன்னாசியை முகர்ந்தவர் தொடங்கிவைத்ததும் அந்த வேலையைத்தான்.

*

இந்த முறைமையின் சுமை எல்லார் மேலும் ஒன்றுபோல விழுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். புதிய காரை வாங்க வசதியுள்ளவருக்குப் பல ஆண்டுகள் இந்தக் கவலையே இல்லை. பழைய வண்டியை நம்பி இரண்டு வேலைகளுக்குப் போகிறவர், கன்வெர்ட்டரை மாற்றும் செலவு வண்டியின் விலையையே தொடும்போது, விளக்கை அணைக்கும் பொத்தானைத் தேடினால் அவரை மட்டும் பழிப்பது எளிது. வருமானம் குறைந்தவர்களுக்குப் பழுதுபார்க்கவும் பழைய வண்டியைக் கைவிடவும் மாநிலம் உதவித் திட்டம் வைத்திருக்கிறது. மறுபக்கம், ஃப்ரீவேயின் ஓரத்தில் வீடு அமைந்து அந்தக் காற்றை மூச்சிழுக்கும் குழந்தைகளும் பெரும்பாலும் அதே வருமானக்காரர்களின் குழந்தைகள்தாம். இரண்டு நியாயங்களும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன.

லாஸ் ஏஞ்சலஸின் காற்று இன்னும் தேசிய ஓசோன் அளவுகோலை எட்டவில்லை. ஆனால் 1943இன் மூட்டத்தை இன்று அங்கே காண முடியாது. கார்களும் அவை ஓடும் மைல்களும் அன்றைவிடப் பலமடங்கு பெருகியும் இது நடந்திருக்கிறது. பேராசிரியர் ஹாகன்-ஸ்மிட் 1977இல் காலமானார். தம் காரியத்தின் பெரும் விளைவை அவர் பார்க்கவில்லை.

நாங்கள் ஐந்து நாட்கள் விடியலில் எழுந்து அந்தக் கிழட்டுக் காரை ஓட்டினோம். நின்றோம், நகர்ந்தோம், ஃப்ரீவேயில் வலது ஓரமாகச் சீரான வேகத்தில் போனோம். பின்னால் வந்தவர்கள் பொறுமையிழந்து முந்திச் சென்றார்கள். ஐந்தாம் நாள் ஒரு சிறு கருவியைச் செருகிப் பார்த்தோம். ஆவிக்கசிவு மானிட்டர் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் முடிந்திருந்தன. அந்த ஒன்றுக்குத்தான் விலக்கு உண்டே. அன்று மாலையே நிலையத்துக்குப் போனோம். அதே பரிசோதகர் அதே கம்பியைச் செருகினார். இம்முறை கார் தனக்குத் தெரிந்ததைச் சொன்னது.